தேதி மாறும் நேரம்

“ஆக்சஸாம்! இந்தக் காலத்துல அந்தப் பழைய டேட்டாபேஸ் சாஃப்ட்வேரை எவன் கேக்குறான்?”

இன்டர்வியூ அறையிலிருந்து வெளியே வந்த ஜெகன், அடுத்துப் போகக் காத்திருந்த பூமிகாவிடம் படபடத்தான்.

“அது தெரியாதுன்னேன். அப்ப டெஸ்ட்டே வேணாம், போலாம்னுட்டாங்க. ஆரக்கிள் படிச்சுக்கிறேன்னு சொன்னா காதுலயே வாங்கல. ஆளை முன்னாடியே பிக்ஸ் பண்ணிட்டு, நம்மள தலை எண்றதுக்குக் கூப்ட்டுகிறாங்க. நான் ரயிலப் புடிக்கிறேன்.”

போய்விட்டான்.

பூமிகாவுக்குச் சுருக்கென்றது. படிப்பு முடிந்து இரண்டு வருடம். இது பதினான்காவது இன்டர்வியூ. ஊத்துக்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி இந்தக் கும்மிடிப்பூண்டி குழாய் கம்பெனிக்கு வந்திருந்தாள்.

விளம்பரத்தை மறுபடி பார்த்தாள். டேட்டாபேஸ் டெவலப்பர் தேவை. ஆக்சஸ் கட்டாயம். ஸ்டோர்ஸ் வேலை தெரிந்தால் நல்லது. பட்டம் தேவையில்லை.

பட்டம் தேவையில்லையா? பல்லைக் கடித்தாள்.

“ஏம்மா, ஆக்சஸ் அவ்ளோ மட்டமா?”

மூலை நாற்காலியிலிருந்து குரல். நீலச் சட்டை, மடியில் மஞ்சள் ஹெல்மெட். யாரையோ பார்க்கக் காத்திருக்கும் தொழிலாளி என்று நினைத்தாள்.

“மட்டம் இல்லண்ணா, பழசு. பேங்க், பெரிய கம்பெனின்னா ஆரக்கிள் கேப்பாங்க. நடுத்தரக் கம்பெனின்னா எஸ்.க்யூ.எல். சர்வர். புதுசா ஆரம்பிக்கிறவங்க போஸ்ட்கிரஸ் பக்கம் போறாங்க, அது இலவசம். நெட்ல வேலை தேடினா ஆரக்கிளுக்குப் பக்கம் பக்கமா வருது. ஆக்சஸுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரே ஒரு கம்பெனி. இதுதான்.”

“அப்போ இத வுட்டா வேற எங்கயும் கேக்க மாட்டாங்களா?”

“சான்ஸே இல்ல.”

அவர் ஹெல்மெட்டை ஒருமுறை சுற்றினார்.

“நீ எங்கருந்தும்மா வர்றே?”

“ஊத்துக்கோட்டை.”

“அம்மாந் தூரத்துலருந்தா? நாஷ்டா துன்னியா?”

“இல்லண்ணா, பரவால்ல.”

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “உள்ள தேதியப் பத்திக் கேட்டாங்கன்னா, காலைல ஆறு மணிக்குத்தான் மாறும்னு சொல்லு. மறந்துடாத.”

பூமிகாவுக்குச் சிரிப்பு வந்தது. ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார் போலிருக்கிறது.

“சரிண்ணா,” என்றாள், குழந்தைக்குச் சொல்வதுபோல.

உள்ளே, ஆக்சஸ் தெரியும் என்று அவள் சொன்னதும், இன்டர்வியூ எடுத்த கிரேஸ் மேடம் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்தார். ஸ்டோர்ஸ் சரக்கை நிர்வகிக்கும் ஆக்சஸ் புரோகிராம். பட்டன்களெல்லாம் தமிழில் இருந்தன. ‘லோடு வந்தாச்சு.’ ‘வளைஞ்ச குழாய்.’ ‘திருப்பி அனுப்பு.’ பூமிகா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிழையே இல்லை. யாரோ ரசித்து ரசித்துச் செய்திருந்தார்கள்.

“ஒரே கேள்விதான்,” என்றார் கிரேஸ். “நாளைக்கு விடியக்காலம் ரெண்டு மணிக்கு ஒரு லோடு வருது. இதுல எந்தத் தேதி விழணும்?”

“நாளைத் தேதிதான் மேடம். பன்னெண்டு மணிக்கே தேதி மாறிடுமே.”

“தப்பு. இங்க ராத்திரி ஷிஃப்ட் காலைல ஆறு மணிக்கு முடியுது. அதுவரைக்கும் முந்தின நாள்தான். இல்லன்னா ஒரே ஷிஃப்ட் சரக்கு ரெண்டு நாளாப் பிரிஞ்சு நிக்கும்.”

ஆறு மணி.

பூமிகாவின் முகம் சுட்டது.

“வெளியிலருந்து வர்றவங்களுக்கு இது எப்படி மேடம் தெரியும்?”

“தெரியாது. அதனாலதான் கேட்டேன்.”

“அப்போ ஆளை முடிவு பண்ணிட்டுத்தான் எங்களைக் கூப்பிட்டீங்களா?”

“ஆமா.”

“வெக்கமா இல்லையா உங்களுக்கு? உங்க சொந்தக்காரங்களுக்கு வேலை கொடுக்க நாங்க ரெண்டு பஸ் மாறி வரணுமா? இப்பவே ஹெட் ஆபீஸுக்கு மெயில் போடப் போறேன்.”

“வெக்கமாத்தான் இருக்கு,” என்றார் கிரேஸ். “தாராளமா போடுங்க. ஆனா அவர் என் சொந்தக்காரர் இல்ல. ஒன்பது வருஷமா இங்க கான்ட்ராக்ட்ல மூட்டை தூக்குறவர். இந்தப் புரோகிராமை அவரே கத்துக்கிட்டு, அவரே செஞ்சார். பட்டம் இல்லன்னு ஹெட் ஆபீஸ் நிரந்தரம் பண்ணல. இந்த மாசத்தோட கான்ட்ராக்டும் முடியுது. அவருக்கு என்ன தெரியுமோ அதைப் பார்த்துத்தான் விளம்பரமே எழுதினேன். மூணு பேரையாவது பார்க்கணும்னு ரூல். அதான் உங்களைக் கூப்பிட்டேன். தப்புதான்.”

பூமிகா மெயில் எழுதப் போனைத் திறந்தாள்.

“ஒண்ணு மட்டும் நேர்மையா வெச்சேன். இந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். ஆனா வேற யாராவது சரியா பதில் சொல்லிட்டா வேலை அவங்களுக்குத்தான்னு அவர்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன்.” கிரேஸ் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார். “போகும்போது வரதனை வரச் சொல்லுங்க.”

கதவைத் திறந்தபோது, மெயில் எழுதத் திறந்த போன் அவள் கையிலேயே இருந்தது.

“வரதன்…?”

மூலையில் நீலச் சட்டைக்காரர் எழுந்தார். ஹெல்மெட்டை நாற்காலியில் வைத்துவிட்டு அவசரமாக அருகில் வந்தார்.

“ஆறு மணின்னு சொன்னியாம்மா?”