குடிக்காத காபி

“வலது கையக் காட்டு கண்ணு,” என்றாள் வந்திருந்த உம் கஸ்வான். ரனீமின் உள்ளங்கையைத் திருப்பி, விரல் விரலாக அழுத்திப் பார்த்தாள்.

எதிர் சோபாவில் இருந்த ரனீமின் தாய் உம் லைத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. மகளின் கை முழுக்கக் காய்த்துக் கிடந்தது. “ரொட்டி மாவு இவதான் பிசையறா, அதான்,” என்று முந்திக்கொண்டாள்.

“பிசையட்டும், பிசையட்டும். நல்ல பிடி இருக்கு,” என்றாள் வந்தவள். கூட வந்த இரண்டு மருமகள்களும் தலையாட்டினார்கள். மூவர் மேலும் அத்தர் வாசனை மூச்சை முட்டியது. காசுள்ள இடம்தான் என்று உம் லைத் முடிவு கட்டினாள்.

‘உங்க பொண்ணு விஷயமா வர்றோம்’ என்று நேற்றுச் சொல்லி அனுப்பியதிலிருந்து அவளுக்குத் தூக்கமில்லை. ரனீம் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று தெருவில் சொல்லி வைத்திருந்தாள். தெருவோ, அரசாங்கப் பயிற்சியில் அவள் பிளம்பர் வேலை பழகுவதை எப்போதோ தெரிந்துகொண்டு, நம்புகிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தது.

மாதாமாதம் வரும் உதவித்தொகை தாய்க்கு இனித்தது. அது வருகிற வழிதான் கசந்தது. விஷயம் காதில் விழுந்து இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பியாயிற்று. இதுவும் போனால் பெண் குழாயும் கையுமாகவே நரைத்துவிடுவாள்.

காபி எடுக்கிற சாக்கில் மகளை அடுக்களைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். “பயிற்சிக்குப் போட்டுட்டுப் போற அந்த நீலச் சட்டையக் கட்டிலுக்கு அடியில போடு. வாயத் தொறந்தே, கொன்னுடுவேன்.”

“பணம் வர்ற அன்னிக்கு மட்டும் அந்தச் சட்டைக்கு முத்தம் குடுக்கிறியேம்மா?”

“சும்மா இருடி!”

காபி வந்தது. உம் கஸ்வான் கோப்பையை வாங்கி, உதட்டில் படாமல் மேசை மேல் வைத்தாள். கேட்க வந்ததைக் கொடுத்தால்தான் குடிப்பேன் என்று அர்த்தம். பெண் கேட்டாலும் மன்னிப்புக் கேட்டாலும் அவர்கள் ஊரான இர்பித்தில் அதுதான் முறை.

“வீட்டுல யாரெல்லாம்?” என்று உம் லைத் விசாரித்தாள்.

“நாங்க மூணு பொம்பளைங்கதான் அக்கா. ஆம்பளைங்க எல்லாரும் குவைத்துல. லீவுக்குத்தான் வருவாங்க.”

குவைத்! மருமகள்கள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றால் மூத்த மகன்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, அப்படியானால் பெண் கேட்பது கடைக்குட்டி மகனுக்குத்தான். “எம் பொண்ணப் பத்தி யாராவது... ஏதாவது சொன்னாங்களா?”

“எல்லாம் சொன்னாங்க. கேட்டுட்டுத்தான் வந்தோம்.”

தெரிந்துமா? என்ன பெரிய மனசு! உம் லைத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“அக்கா, நான் கேக்க வந்தது என்னன்னா—”

“கேக்கவே வேணாம்! குடுத்தாச்சு. காபியக் குடிங்க!”

அந்த வார்த்தை வாயைவிட்டு வந்தபின் எந்த வீட்டாரும் பின்வாங்கியதில்லை. உம் கஸ்வான் ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள்.

“நல்லாயிருப்பீங்க அக்கா! பொண்ண ரெஞ்சோட இப்பவே அனுப்புங்க, ஆம்பளை பிளம்பரை உள்ள விட முடியாம நாங்க குளிச்சு ஒரு வாரமாச்சு!”