குரல் நீக்கம்

இறந்துபோன ஒலிப்பதிவாளர் விட்டுச்சென்ற பறவைப் பதிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் தேதி, இடம், வானிலையைத் தன் வாயாலேயே சொல்லியிருந்தார். அவற்றை அட்டவணையில் ஏற்றிவிட்டு, ஆய்வுக்கு உதவாத அந்தக் குரலை அழிப்பதுதான் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை.

"அக்கா, மூணு மாசமா ஜவ்வா இழுக்குறீங்க. அதுக்குத்தான் ப்ரோக்ராம் இருக்கே, ஒரே நாள்ல அழிச்சிடும்," என்றான் புதிதாகச் சேர்ந்தவன்.

"அதை எழுதினதே நான்தான்ப்பா."

"அப்புறம் என்ன?"

களைப்போடு ஹெட்ஃபோனை அவன் காதில் மாட்டினாள்.

"மேகமூட்டம். காத்து இல்ல. இன்னைக்கும் லேட்டு, வீட்டுல வாங்கிக் கட்டிக்கணும்..."

அவன் சிரித்தான். "பாவம் மனுஷன்! பொண்டாட்டி ராட்சசி போல."

"ஆமாம்ப்பா," என்றாள் அவள். "ஒருநாள்கூட நான் திட்டாம விட்டதில்ல."