மூடிக்கு ஒரு டப்பா

"மாசத்துக்கு நாப்பது டப்பாவா? மீட்டர் மூடிக்குத் தடவறீங்களா, இல்லை ரொட்டிக்குத் தடவிச் சாப்பிடறீங்களா?"

புது மேனேஜர் கத்தியதில் அலுவலகத்தில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்து, உடனே தாழ்ந்தன.

ஸ்டோர்கீப்பர் மட்டும் அசையவில்லை. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்துக் குறித்து வரும் அந்த நிறுவனத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'துண்டுப் பென்சில்'. பழைய பென்சிலின் மிச்சத் துண்டை ஒப்படைத்தால்தான் புதுசு தருவார். அப்பேர்ப்பட்ட கருமி, பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவை மட்டும் கேட்டவருக்கெல்லாம் எடுத்துக் கொடுக்கிறார் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"துரு சார்," என்றார் அவர். "இரும்பு மூடி. ஜெல்லி தடவலேன்னா திறக்க வராது. ஸ்லிப்புல காரணம் எழுதியிருக்கு, பாருங்க."

மேனேஜர் பார்த்தார். எல்லா ஸ்லிப்பிலும் அதே இரண்டு வார்த்தை. 'மூடி துரு.'

"எனக்கு முன்னாடி இருந்தவர் இதைக் கேக்கவே இல்லையா?"

"கேட்டார் சார். ஒருநாள் ரூட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தார். அப்புறம் கேக்கலை."

"நாளைக்கு நானும் போறேன். இரும்பு மூடி மட்டும் இல்லாம இருக்கட்டும், இந்த நாற்காலியில வேற ஆளைப் போட்டுடுவேன்."

ஓய்வு பெற இன்னும் ஏழே மாதம் இருக்கிற மனிதரிடம் இப்படிச் சொன்னதில் மேனேஜருக்குக் கொஞ்சமும் உறுத்தல் இல்லை. டப்பாக்களை வெளியில் விற்கிறார் என்று முடிவே கட்டிவிட்டார்.

மறுநாள் காலையில், மீட்டர் ரீடர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் அதே தடித்த காக்கி பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். வாசலில் ஸ்டோர்கீப்பர் ஒரு டப்பாவை நீட்டினார்.

"ஒண்ணு கையில வச்சுக்குங்க சார். வெயில் வேற. நடை ஜாஸ்தி."

"எனக்கே லஞ்சமா? அதுவும் நான் விசாரிக்கிற சாமானையே?"

"உங்க இஷ்டம்," என்று டப்பாவைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அவர்.

கூட வந்த ரீடரை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ் அக்கா' என்பார்கள். கிளம்பினால் நிற்க மாட்டாள். முதல் வீட்டில் மீட்டர் மூடியைத் தூக்கினாள். பிளாஸ்டிக். இரண்டாவது வீடு, பிளாஸ்டிக். இருபதாவது வீட்டிலும் அதே கதை.

"இரும்பு மூடி எங்கம்மா?"

"அதெல்லாம் மாத்தி நாலு வருஷம் ஆச்சு சார்."

"அப்போ அந்த டப்பா எல்லாம் எங்கே போகுது?"

"அதை அவர்கிட்ட கேளுங்க சார். எனக்கு இன்னும் நூத்தி அறுபது வீடு கெடக்கு."

திருடன் மாட்டிக்கொண்டான். மேனேஜர் அப்போதே திரும்பியிருக்கலாம். முழு ரூட்டையும் பார்த்து எழுதினால்தான் ரிப்போர்ட் அசைக்க முடியாமல் இருக்கும் என்று வீம்பாக நடந்தார்.

எழுபதாவது வீட்டில் தொடையின் உள்பக்கம் லேசாக எரிந்தது. தொண்ணூறாவது வீட்டில், வியர்வையும் சேர்ந்துகொண்டு சுரீர் என்றது. அடிக்கு ஒரு தடவை பேண்ட்டின் தையல் அந்த இடத்தையே தேடிப் பிடித்து அறுத்தது. மேனேஜர் முதலில் வெயிலைத் திட்டினார். பிறகு தெரு மேடாக இருப்பதைத் திட்டினார். கதவைத் திறக்கத் தாமதம் பண்ணிய வீட்டுக்காரரையும் விடவில்லை. நூற்றிருபதாவது வீட்டில் யாரையும் திட்டத் தெம்பில்லை.

"ஏம்மா, இந்தக் கண்றாவியைப் போட்டுட்டு தினமும் எப்படித்தான் நடக்கறீங்க?"

எக்ஸ்பிரஸ் அக்கா முதல் தடவையாக நின்றாள்.

"துணியை மாத்துங்க, இல்லேன்னா தொடையில தடவ ஏதாவது கொடுங்கன்னு போன மாசம் மனு கொடுத்தோமே சார். அதுல என்ன எழுதினீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'சொந்த உடம்புக்கான பொருளை நிறுவனம் வழங்காது. நடந்தால் பழகிவிடும்.' சிவப்பு மையில், கீழே கையெழுத்தோடு.

மேனேஜர் அடுத்த வீட்டுப் படியில் பக்கவாட்டாக ஏறினார்.

சாயங்காலம் அவர் காலை அகட்டி அகட்டி வாத்து மாதிரி உள்ளே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் நடந்த நடைதான். அவர் நேராக ஸ்டோருக்குப் போனார்.

"ஒரு இரும்பு மூடிகூட இல்லை."

"இல்லை சார்."

"நாலு வருஷமா பொய் எழுதி வாங்கியிருக்கீங்க."

"ஆமாம் சார். மூடிக்குன்னா தருவாங்க. மனுஷனுக்குன்னா தர மாட்டாங்க."

ஸ்டோர்கீப்பர் நாற்காலியைக் காட்டினார். மேனேஜர் உட்காரவில்லை. உட்கார முடியவில்லை. கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு ஒரு டப்பா கொடுங்க."

"ஸ்லிப் இல்லாம தர முடியாது சார்."

ஸ்லிப்பும் விரல் நீளத்துக்கு ஒரு பென்சில் துண்டும் கவுண்டரில் நகர்ந்து வந்தன. மேனேஜர், பாதி எழுதிய ரிப்போர்ட்டை மடித்து ஸ்லிப்புக்கு அடியில் வைத்துக்கொண்டார். பெயர் எழுதினார். எண்ணிக்கை ஒன்று என்று எழுதினார். 'காரணம்' என்ற கட்டத்தில் பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.

பிறகு, ஒரு எழுத்துகூடப் பிசகாமல் எழுதினார்:

'மூடி துரு.'