டீச்சர் தொட்டால்

நேசபாய் டீச்சர் தொட்டதும், அவருடைய மடக்கித் திருப்பும் புது லேப்டாப்பில் கீபோர்டும் டச்பேடும் மறுபடியும் நின்றுபோயின.

மார்த்தாண்டத்திலிருந்து சர்வீஸுக்கு வந்திருந்த ஜெஸ்பின் தலையைப் பிடித்துக்கொண்டான். "டிரைவரை எத்தனை தடவை எடுத்துட்டுப் புதுசா போட்டாச்சு டீச்சர்! நான் தொட்டா ஓடுது, நீங்க தொட்டா நிக்குது."

"அஞ்சு மணிக்குள்ள பிள்ளைகளுக்க மார்க்கை ஏத்தணும் மக்கா. இரு, ஜெபிச்சிட்டு வாறேன்."

உள்ளறைக்குப் போய்த் திரும்பி வந்து தொட்டார். ஓடியது! மார்க் முழுவதையும் ஏற்றி முடிக்கும்வரை நிற்கவே இல்லை.

ஜெஸ்பினுக்கு மயிர்க்கூச்செறிந்தது. "சபைப் பக்கம் போயி வருசமாச்சு டீச்சர். இந்த ஞாயிறு கண்டிப்பா போவேன்."

டீச்சர் சிரித்தபடி உள்ளே போய், மணிக்கட்டில் ஒரு வளையத்தை மாட்டிக்கொண்டு வந்தார்.

"அது என்னது டீச்சர்?"

"பிரஷர் குறையப் போடுற காந்த வளையம். எங்க சபையில நகை ஆகாதுல்லா? அதனால ஜெபத்துக்கு இதையும் கழத்தி வச்சிருவேன்."

ஜெஸ்பின் நெற்றியில் அடித்துக்கொண்டான். "காந்தம் பக்கத்துல வந்தா, மடக்கியாச்சுன்னு நினைச்சு லேப்டாப் கீபோர்டையும் டச்பேடையும் பூட்டிரும் டீச்சர். எல்லாம் இந்த வளையம் செஞ்ச வேலை!"

டீச்சர் வளையத்தைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கண்கள் கலங்கின.

"காலையிலேருந்து உனக்குப் பிடிபடாதது, ஆண்டவருக்கு ஒரு நிமிசத்துல பிடிபட்டுட்டு, பாத்தியா மக்கா!"