கிளையில் தொங்குகிறவன்

மூக்கு கன்னத்தில் இருந்தது.

அடுத்த கட்டத்தில் அதே ஆளின் மூக்கு மற்றக் கன்னத்துக்குக் குடிபோயிருந்தது.

சே! இதையா நான் வரைந்தேன்?

தங்கையின் கணவர் கொண்டுவந்து மேசையில் வைத்த காகிதக் கட்டிலிருந்து ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்க்கப் பார்க்கக் குமட்டியது. மீசை முளைக்காத வயதில் பென்சிலால் நான் போட்ட படக்கதை. எந்தப் பத்திரிகையிலும் வராதது. வந்திருந்தால் அந்தப் பத்திரிகையை அன்றைக்கே இழுத்து மூடியிருப்பார்கள்.

கதாநாயகன் எப்போது பார்த்தாலும் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்கிறான். சண்டையிலும் அப்படித்தான். காலாலேயே உதைக்கிறான், தலையாலேயே முட்டுகிறான். எல்லாம் எனக்கு விரல் வரைய வராததால்.

வில்லன்கள் அதைவிடக் கண்றாவி. அத்தனை பேருக்கும் ஒரே மூஞ்சி. மீசையை மட்டும் மாற்றி ஊரை ஏமாற்றியிருக்கிறேன்.

போகட்டும், கதையாவது உருப்படியா? குண்டு வெடித்துச் சிதறியவன் அடுத்த பக்கத்தில் தலையில் கட்டோடு வந்து நிற்கிறான். ஆற்றில் தள்ளப்பட்டவன் தலையைத் துவட்டிக்கொண்டே வருகிறான். ஒரு பயலும் சாகமாட்டேன் என்கிறான்! இன்றைக்கு நான் போடும் படக்கதைகளில் முதல் பக்கத்திலேயே ரெண்டு பேர் காலி. அதற்காகவே வாங்குகிறார்கள்.

கடைசித் தாளில் கதாநாயகன் மலை விளிம்பில் ஒரு மரக்கிளையைப் பிடித்துத் தொங்குகிறான். அங்கே வேறு வழியில்லாமல் விரல் போட்டிருக்கிறேன். ஒரு கைக்கு ஆறு. அதற்குக் கீழே பாதித் தாள் காலி.

“மச்சான், அவ இதுக்கு முடிவு வரைஞ்சு தரச் சொல்றா. இன்னிக்கே வேணுமாம். அதே மாதிரி இருக்கணுமாம், அழகா வரைஞ்சீங்கன்னா கிழிச்சுப் போட்டுடுவாளாம்” என்றார் தங்கையின் கணவர்.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. “இத்தனை வருஷமா தொங்கறவன், இன்னும் கொஞ்ச நாள் தொங்கினா கையா கழண்டு விழுந்துடும்?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பென்சிலை எடுத்தேன். அங்கேதான் வந்தது வினை. மோசமாக வரைய வரவில்லை! கோணல் மூக்குப் போட்டால் அது கம்பீரமாக வளைகிறது. குரங்கு பிடிக்கப் போனால் பிள்ளையாராக வந்து தொலைக்கிறது. இடது கையால் போட்டுப் பார்த்தேன். கிழவன் கிறுக்கினதுபோல் நடுங்கியதே தவிர அந்தப் பயலின் கோடு வரவில்லை. தான் மோசமாக வரைகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. அந்தத் திமிருக்கு நான் இப்போது எங்கே போவேன்?

கடைசியில் பழைய தாளின் மேல் புதுத் தாளை வைத்து, அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் வைத்து, மூக்கு மூக்காக, விரல் விரலாகப் பார்த்து இழுத்தேன். என் கிறுக்கலை நானே காப்பியடித்தேன். தூ!

ஒருவழியாக அவனை மேலே ஏற்றிவிட்டேன். ‘முற்றும்’ என்று போட வேண்டியதுதான் பாக்கி.

போட முடியவில்லை.

இதை வரைந்தபோது தங்கைக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். நான் தினம் சாயங்காலம் ஒரு பக்கம் வரைந்து கொண்டுபோவேன். கதையில் யாராவது செத்தால் அன்றைக்குச் சாப்பிடமாட்டாள். அதனால் யாரையும் சாகவிடவில்லை. கதை முடிந்துவிடக் கூடாது என்பதும் அவள் போட்ட சட்டம்தான். இவன் கிளையில் தொங்கிக்கொண்டிருந்தபோது, குணமாகிவிட்டது, கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவளும் கேட்கவில்லை, நானும் வரையவில்லை.

இப்போது மறுபடியும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இந்தத் தடவை மகாராணிக்கு முடிவு வேண்டுமாம்.

கழுதை. அவள்மேல் எனக்கு வந்த கோபத்தில் பென்சில் முனை ஒடிந்தது. சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மேலே ஏறி வந்தவனுக்கு எதிரே ஒரு வில்லனை நிறுத்தினேன். இருப்பவர்களிலேயே படுகேவலமானவன். எதையும் பார்த்து இழுக்கவில்லை, தானாகவே வந்தான். அவன் பின்னால் இன்னொருத்தன். அவன் பின்னால் ஒருத்தன். தாளில் இடம் தீரும்வரை நிறுத்திக்கொண்டே போனேன்.

“கிளம்புங்க மாப்பிள்ளை” என்று தாளைச் சுருட்டினேன். “இவனுங்களை எல்லாம் அடிச்சு முடிக்கவே ரெண்டு வருஷம் ஆகும்னு அவகிட்ட சொல்லணும்.”