சாயந்திர டென்ஷன்

"அப்பா, உண்மையைச் சொல்லுங்க. தினமும் சாயந்திரம் அம்மாவைத் திட்டுறீங்கதானே?"

செருப்பைக் கழற்றியதும் அனுபமா ஆரம்பித்துவிட்டாள். கொண்டாபூரில் தன் வீட்டிலிருந்து சைனிக்புரியில் அப்பா வீடு வரை டிராஃபிக்கில் ஊர்ந்து வந்த எரிச்சல் வேறு.

சமையலறையிலிருந்து வசந்தி ஓடிவந்தாள். "அவர் என்னடி பண்ணாரு?"

"நீ சும்மா இரும்மா. உன் கையில வாட்ச் மாதிரி மாட்டிவிட்டேனே ஒரு பேண்ட், அது வியர்வையை வச்சே மனசுல எவ்வளவு டென்ஷன்னு சொல்லிடும். எல்லாம் என் போனுக்கு வந்துடும். பாருங்க, பகல் பூரா நார்மல். சாயந்திரமானா கோடு ஜிவ்வுனு ஏறுது. டெய்லி!"

இராமச்சந்திரன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். காபி கேட்டாலே குரல் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். ஆனால் அவர் தன்னைத் திட்டியதாக வசந்திக்கு நினைவே இல்லை. பேண்ட்தான் கோளாறோ என்று அவள் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் இராமச்சந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளின் போனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"ஆமாம்மா. கொஞ்சம் கத்திடறேன். இனிமே பார்த்துக்கறேன்."

"அம்மாவுக்கு ஏற்கெனவே பி.பி. இருக்குப்பா! வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

அனுபமா சாப்பிட்டாள். சாம்பாரில் உப்பு அதிகம் என்று அம்மாவிடம் கோபித்துக்கொண்டாள். அப்பாவிடம் சொல்லிக்கொள்ளாமலே காரை எடுத்தாள்.

கார் தெருமுனை திரும்பியதும் வசந்தி பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"செய்யாத தப்பை ஏங்க ஒத்துக்கிட்டீங்க? மூஞ்சியைக்கூடப் பார்க்காம போறா பாருங்க."

"கோடு ஏறுற நேரத்தைப் பார்த்தேன் வசந்தி. தினமும் அவ உனக்கு போன் பண்ற நேரம் அது. மாத்திரை போட்டியா, நடந்தியா, ஏன் நடக்கலைன்னு குடைஞ்சு எடுக்கிறாளே, அப்பதான் ஏறுது."

வசந்தி தன் கையிலிருந்த பேண்டைப் பார்த்தாள். மகள் பெயரைப் போனில் பார்த்ததும் பதறுவது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள்.

"அதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நாளையிலேர்ந்து போன் பண்றதையே நிறுத்திடுவா. அதை உன்னால தாங்க முடியுமா?"