இதுவும் நீதான்

வீட்டை ஒழித்தபோது பரணிலிருந்து பழைய போட்டோ டப்பா ஒன்று இறங்கியது.

"ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி யாரு, எந்த வருஷம்னு எழுதிடலாம்மா. என் மக யார் ஜாடைன்னு பார்த்துடலாம்," என்று பென்சிலோடு உட்கார்ந்தாள் சின்ன மகள். அவள் குழந்தை அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

குப்புறக் கிடந்து சிரிக்கும் ஒரு குழந்தையின் படத்தை எடுத்தாள்.

"இது அக்காவா, நானா?"

"நீதான்," என்ற அம்மா, ஏற்கெனவே துடைத்த டப்பாவை மறுபடி துடைத்தாள்.

"தொட்டில்ல இருக்கிறது?"

"அதுவும் நீதான்டி. பெரியவ ஏது இவ்வளவு கொழுகொழுன்னு?"

"இந்த மரக்குதிரை மேல?"

குதிரை மேல் குழந்தை. விழாமல் பிடித்தபடி, பக்கவாட்டில் அம்மா.

"இதுவும் நீதான். தோண்டித் துருவாம எழுதேன்!"

மகள் சிரித்துக்கொண்டே எல்லாவற்றின் பின்னாலும் எழுதினாள். உள்ளே குழந்தை சிணுங்கவும் எழுந்து போனாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஆனாலும் அம்மாவுக்கு மனசு குறுகுறுத்தது. மூத்தவளுக்குத் தும்மினால்கூட ஒரு போட்டோ எடுத்தார்கள். இரண்டாவதும் பெண்ணாகப் பிறந்ததும், பள்ளியில் சேர்க்கும்வரை கேமராவை யாரும் தொடவே இல்லை.

படங்களைத் திருப்பினாள். எல்லாவற்றிலும் 'அக்கா' என்று எழுதி, மூத்தவள் பிறந்த வருஷம் போட்டிருந்தது.

மரக்குதிரைப் படத்தில் மட்டும் அக்காவுக்கு ஒன்றரை வயது என்று குறித்து, கீழே இன்னொரு வரி:

'இதுல நானும் இருக்கேன். அம்மா வயித்துல.'